புரியாவிட்டால் தொடாதே

2003-இல் நான் தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, வெப் சர்வீஸ் என்ற பேச்சு வராத மீட்டிங்கே கிடையாது. ஜாவாவில் எழுதிய நிரலும் டாட் நெட்டில் எழுதிய நிரலும் எக்ஸ்எம்எல் வழியாகப் பேசிக்கொள்ளும், எதிர்ப்பக்கம் என்ன இயங்குதளம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை எங்கும் இருந்தது. எக்ஸ்எம்எல் 1.0, டபிள்யூ3சி பரிந்துரையாக 1998 பிப்ரவரியில் வந்தது. அதை வைத்துச் செய்தி அனுப்பும் முறையான சோப் 1.1-ஐ மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், லோட்டஸ், டெவலப்மென்டர், யூசர்லேண்ட் ஆகிய இடங்களைச் சேர்ந்த சிலர் எழுதி, 2000 மே மாதம் டபிள்யூ3சியிடம் கொடுத்தார்கள். 1.2 பதிப்பு 2003 ஜூனில் வந்துவிட்டாலும், எங்கள் கைவசக் கருவிகள் பேசியது 1.1-ஐத்தான்.

எங்கள் ப்ராஜெக்ட் ஒரு வெளிநாட்டுப் பயண நிறுவனத்துக்காக. அவர்களுடைய ஊழியர் ஓர் ஊரையும் தேதியையும் தட்டினால், பல சப்ளையர்களின் சர்வர்களைக் கேட்டு, காலியாக இருக்கும் ஹோட்டல் அறைகளைத் திரையில் காட்ட வேண்டும். பிடித்ததை அங்கேயே பதிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கம் ஜாவாவும் அப்பாச்சி ஆக்ஸிஸும்; எதிர்ப்பக்கம் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்எம்எக்ஸ்.

அறை இருக்கிறதா என்று கேட்க என்ன வேண்டும்? ஊர், வரும் தேதி, எத்தனை இரவு, எத்தனை பேர். அவ்வளவுதான். ஆனால் எங்கள் கைக்கு வந்த முதல் வடிவமைப்பில் இவற்றோடு ஏஜென்சி எண், பயனர் பெயர், கடவுச்சொல், மொழி, பதிப்பு எண், கோரிக்கை எண், இது சோதனையா நிஜமா என்று சொல்லும் ஒரு குறி என்று ஒரு வரிசையே ஒட்டிக்கொண்டிருந்தது. தேடும் செயலில் இருந்த அதே வரிசை, விலை கேட்கும் செயலிலும், பதிவு செய்வதிலும், ரத்து செய்வதிலும் இருந்தது. இதில் ஒன்றைக் கூட்டினால், சேவையை விவரிக்கும் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல் மாறும். அது மாறினால் அதிலிருந்து உருவாக்கிய ஸ்டப் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கி, தொகுத்து, டெஸ்ட் செய்து ஏற்ற வேண்டும். கேள்வியில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. கேட்பவரைப் பற்றிய விவரம் ஒன்று கூடியதற்காக இத்தனை பேருக்கும் வேலை.

எங்கள் டீம் லீட் திருநெல்வேலிப் பக்கம். ஸ்பெசிஃபிகேஷனை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் படிப்பவர். ஒரு நாள் என் இருக்கைக்கு வந்து திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, இந்த ஏஜென்சி கோடு எல்லா கால்லயும் வருதுல்லா. அப்போ இது இந்த காலுக்குச் சொந்தமா?"

"இல்ல மேடம். யார் கேக்குறாங்கங்கறதுக்காக அனுப்புறோம்."

"யாரு கேக்கா, எந்த நேரத்துல கேக்கான்னு சொல்லத்தான் ஹெடர்னு ஒண்ணு வெச்சிருக்கான். அங்க கொண்டு போய் வைங்க. என்ன கேக்கான்னு மட்டும் பாடில இருக்கட்டும்."

கையில் இருந்த அச்சுப்பிரதியில் 4.2 என்ற பகுதியைப் பிரித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டே பக்கங்களுக்குள் அடங்கும் பகுதி அது. என் வேலையைப் பற்றிய என் எண்ணத்தை அவ்வளவு மாற்றியது வேறு எந்த ஆவணமும் இல்லை.

சோப் செய்தியின் அமைப்பு எளிது. வெளியே என்வலப். அதற்குள் ஹெடர், பிறகு பாடி. ஹெடர் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருந்தால் பாடிக்கு முன்னால்தான் வர வேண்டும். ஹெடருக்குள் வருகிற ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நேம்ஸ்பேஸோடு வர வேண்டும். அதனால் பாதுகாப்புக்காரர் சேர்த்ததும் பில்லிங்காரர் சேர்த்ததும் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். பார்சல் லாரியில் சரக்கு பெட்டிக்குள் இருக்கும், டிரைவர் கையில் ரசீது இருக்கும். செக்போஸ்டில் பெட்டியை உடைக்காமல் ரசீதைப் பார்த்து வண்டியை விடுவார்கள். ஹெடரும் அப்படித்தான். நடுவில் இருக்கும் ஒரு கேட்வே, பாடியைத் தொடாமலே யாருடைய செய்தி, எங்கே போக வேண்டும், அனுமதி உண்டா என்று பார்த்துவிடலாம். எந்த ஹெடர் யாருக்கு என்று குறிக்க 1.1-இல் ஆக்டர் என்ற பண்பு இருந்தது. 1.2-இல் அதையே ரோல் என்றார்கள்.

அந்தப் பகுதியில் மேடம் மஞ்சள் கோடு போட்டிருந்த இடம் மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் என்ற பண்பு. மதிப்பு 1 அல்லது 0. ஸ்பெசிஃபிகேஷன் தரும் எடுத்துக்காட்டில் டிரான்ஸாக்ஷன் என்று ஒரு ஹெடர் இருக்கும். உள்ளே 5 என்ற எண். மேலே மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் 1. இதன் பொருள்: இந்த ஹெடரைப் புரிந்துகொண்டு அதன்படி நட, முடியாவிட்டால் செய்தியைச் செயல்படுத்தாமல் பிழை என்று திருப்பி அனுப்பு. மதிப்பு 0 என்றாலோ, பண்பே இல்லை என்றாலோ, பெறுபவர் அந்த ஹெடரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அது விதிமீறல் ஆகாது.

அடுத்து வந்த வாரங்களில் ஆக்ஸிஸில் ஹேண்ட்லர் எழுதினோம். அனுப்பும் பாதையில் ஒன்று, பெறும் பாதையில் ஒன்று. செய்தி வெளியே போகும் முன் ஹேண்ட்லர் அதைப் பிடித்து, ஏஜென்சி விவரம், கோரிக்கை எண், நேரம் ஆகியவற்றை ஹெடரில் செருகி அனுப்பும். அறை தேடும் நிரலை எழுதியவருக்கு இவற்றைப் பற்றித் தெரியவே தேவையில்லை. டிசிபிமான் என்ற சிறிய கருவியை நடுவில் வைத்து, மேல் பாதியில் போகிற செய்தி, கீழ்ப் பாதியில் வருகிற பதில் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். எக்ஸ்எம்எல் ஃபார்மேட் என்ற பெட்டியை டிக் செய்தால் ஒரே வரியாக ஓடிய செய்தி படிப்படியாக உள்தள்ளி நிற்கும். மேலே எங்கள் ஹெடர்கள், கீழே நான்கு வரியில் ஒரு கேள்வி: ஊர், தேதி, இரவு, ஆட்கள். அப்படி ஒரு செய்தியை முதலில் பார்த்தபோது வந்த நிறைவு இன்றும் நினைவிருக்கிறது. படித்தவுடன் பிடிபடும் செய்தியாக அது இருந்தது.

ஆனால் எது ஹெடர், எது பாடி என்று பிரிப்பது நான் நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை. நாணயம் எங்கே போக வேண்டும் என்று ஒரு மதியம் முழுக்க வாதாடினோம். எல்லாக் கேள்வியிலும் வருகிறது, அதனால் ஹெடர் என்றார் ஒருவர். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. யூரோவில் சொன்ன விலையும் டாலரில் சொன்ன விலையும் வேறு வேறு பதில்கள். பதிலை மாற்றுவது கேள்வியின் பகுதி. அது பாடியில்தான் இருக்க வேண்டும். அவருடைய உரைகல் இதுதான்: ஹெடரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐந்து வருடம் கழித்துப் பாடியை மட்டும் பிரித்துப் படித்தால், என்ன கேட்டார்கள் என்பது முழுதாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஏதோ ஒன்று இடம் மாறிப் போயிருக்கிறது.

பிறகு ஒரு முறை, டபிள்யூஎஸ்டிஎல்லை மாற்றுகிற சிரமத்தைத் தவிர்க்க, தள்ளுபடிக் குறியீட்டை ஹெடரில் வைத்துவிடலாம் என்று ஒரு சப்ளையர் கேட்டார். மேடம் மறுத்தார். தள்ளுபடி என்பது வியாபாரம். அதை ஹெடரில் வைத்தால் நாளைக்குக் கணக்குப் பார்ப்பவர் பாடியைப் பார்த்து, இந்த விலை எங்கிருந்து வந்தது என்று திணறுவார். ஹெடர் இருக்கிறதே என்று கண்டதையும் அதில் போடுவது, எல்லாவற்றையும் பாடியில் திணிப்பதற்குச் சமமான தவறுதான்.

இந்த உரைகல்லுக்குள் அடங்காத ஒன்று இருந்தது: சோதனையா நிஜமா என்ற குறி. அது கேள்வியின் பகுதி அல்ல. அறை, தேதி, விலை எதையும் அது மாற்றாது. ஆனால் விளைவை அடியோடு மாற்றிவிடும். சோதனை என்றால் பதிவு செய்வதுபோல் எல்லாம் நடந்து, கடைசியில் எதுவும் நடந்திருக்கக் கூடாது. நிஜம் என்றால் ஒருவரின் பணம் போகும், ஓர் அறை பூட்டப்படும். ஒரு சப்ளையரின் கையேடு இதை ஹெடராக அனுப்பச் சொன்னது. மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் தேவையில்லை என்றும் சொன்னது. கையேட்டின்படியே நாங்கள் அனுப்பினோம். பல மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அந்த சப்ளையர் தன் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது, அந்த ஹெடரைப் படிக்கும் பகுதி அதில் விடுபட்டுப் போனது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் இரவு நேரச் சோதனைத் தொகுப்பு வழக்கம்போல் ஓடியது. எல்லாச் சோதனையும் பச்சை. வெற்றி என்றே பதில் வந்தது. காலையில் பயண நிறுவனத்திலிருந்து தொலைபேசி: யாரும் கேட்காத அறைகள் கற்பனைப் பெயர்களில் பதிவாகியிருக்கின்றன, சிலவற்றுக்கு ரத்துக் கட்டணமும் உண்டு. எதிர்ப்பக்க சர்வர் விதிப்படிதான் நடந்திருந்தது. தெரியாத ஹெடர், கட்டாயம் என்ற குறி இல்லை, ஆகவே ஒதுக்கிவிட்டு பாடியைச் செயல்படுத்தியது. ஹெடர் இல்லாமல் பார்த்தால் அது சுத்தமான நிஜப் பதிவுக் கோரிக்கை.

ஒரு பிழைச்செய்தி கூட வராமல் நடந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. அதுவரை பிழை வந்தால் கெட்டது, பச்சை வந்தால் நல்லது என்றுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு வந்திருக்க வேண்டியது சிவப்பு.

மேடம் அந்த சப்ளையரோடு பேசி, அந்த ஹெடரில் மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் 1 வைத்தே அனுப்புவோம் என்பதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கினார். அதன் பிறகு இன்னொரு மாற்றத்தின்போது அவர்கள் பக்கம் அதே பகுதி மறுபடி விடுபட்டது. இம்முறை முதல் செய்தியே வாசலில் நின்றது. டிசிபிமானின் கீழ்ப் பாதியில் சோப் ஃபால்ட், குறியீடு மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட். ஓர் அறையும் பதிவாகவில்லை. அந்தப் பிழையைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். சோப் 1.2 இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது: எந்த ஹெடர் புரியவில்லை என்று அதன் பெயரைச் சொல்ல, பதிலில் நாட்அண்டர்ஸ்டுட் என்ற ஹெடரையே சேர்த்து அனுப்ப வழி வைத்திருக்கிறது.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இந்தக் காவலை நிரலாளர்களே எப்படித் தளர்த்துகிறார்கள் என்பதையும் பார்த்தேன். ஏஎஸ்எம்எக்ஸில் ஒரு ஹெடருக்கு வகுப்பு எழுதி இணைத்துவிட்டால், டிட்அண்டர்ஸ்டாண்ட் என்ற மதிப்பு தானாகவே ஆம் என்று நின்றுவிடும்; உள்ளே இருப்பதை நிரல் படித்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஜாவாவில் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் வந்தபோது, எந்தெந்த ஹெடர்கள் எனக்குப் புரியும் என்று ஹேண்ட்லரே அறிவிக்க ஒரு செயற்கூறு வந்தது. பாதுகாப்பு ஹெடர் புரியவில்லை என்ற பிழை வந்தால், பலர் செய்வது அந்தப் பட்டியலில் அதன் பெயரைச் சேர்ப்பது மட்டும்தான். பிழை போய்விடும். கையொப்பத்தை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். புரிந்தது என்று சொல்வதற்கும் புரிந்து நடப்பதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை எந்தக் கருவியும் அடைத்துத் தராது. நிரல் எழுதுபவரின் நேர்மை ஒன்றுதான் அதை அடைக்கும். என் டீமில் சேர்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஹெடரின் பலனை முழுதாக உணர்ந்தது பாதுகாப்பு வேலையில் இறங்கியபோது. டபிள்யூஎஸ்-செக்யூரிட்டியை ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், வெரிசைன் மூன்றும் 2002 ஏப்ரலில் வெளியிட்டன; 2004-இல் அது ஓயாசிஸ் தரமானது. கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாமல், ஒருமுறை மட்டும் பயன்படும் நான்ஸ் என்ற மதிப்பு, உருவாக்கிய நேரம், கடவுச்சொல் மூன்றையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-1 கணக்கிட்டு ஹெடரில் வைப்போம். செய்தியைத் திருடி மறுபடி அனுப்புபவரைப் பிடிக்க, பெறுபவர் அந்த நான்ஸைக் குறைந்தது ஐந்து நிமிடமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை. இத்தனையும் சேர்ந்தபோது, அறை தேடும் நிரலில் ஒரு வரி கூட மாறவில்லை. பாதுகாப்பு முழுக்க ஹெடரில் ஏறி உட்கார்ந்தது.

அடுத்தது செய்தியின் அடையாளம். டபிள்யூஎஸ்-அட்ரஸிங் 2006 மே மாதம் டபிள்யூ3சி பரிந்துரையானது. அதில் மெசேஜ்ஐடி என்ற ஹெடர் ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாளம் தரும். ரிலேட்ஸ்டு என்ற ஹெடர், இந்தப் பதில் எந்தச் செய்திக்கு என்று சொல்லும். ஒரு பயணி ஹோட்டல் வாசலில் நிற்கிறார், உங்கள் பெயரில் பதிவே இல்லை என்கிறார்கள் என்று ஒரு முறை இரவில் அழைப்பு வந்தது. எங்கள் லாகில் அந்தப் பதிவின் மெசேஜ்ஐடியை எடுத்து, அதே எண்ணைக் கேட்வே லாகில் தேடி, பிறகு சப்ளையரிடம் தேடச் சொன்னோம். செய்தி அவர்களை அடைந்திருந்தது, பதிவும் ஆகியிருந்தது. ஹோட்டலுக்குத் தெரிவிக்கும் கடைசிக் கட்டத்தில்தான் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு அறை கிடைத்தது. அன்று ஓடிய ஆயிரக்கணக்கான செய்திகளுக்கு நடுவே அந்த ஒரு மனிதரின் செய்தியைக் கண்டுபிடிக்க உதவியது ஒற்றை ஹெடர்.

இதே அக்கறை ஒரு நாட்டு அளவில் எப்படி இருக்கும் என்பதற்கு எஸ்டோனியாவைச் சொல்வேன். அங்கே அரசுத் துறைகளின் தரவுத்தளங்கள் ஒன்றையொன்று கேட்பதற்கு எக்ஸ்-ரோடு என்ற அமைப்பு 2001 முதல் இயங்குகிறது. அதன் சோப் செய்தியின் ஹெடரில், கேட்கும் அமைப்பு எது, எந்தச் சேவையைக் கேட்கிறது, கேட்கும் அலுவலர் யார், இந்தச் செய்தியின் எண் என்ன என்பதற்கெல்லாம் இடம் உண்டு. பிறகு ரெஸ்ட் முறையைச் சேர்த்தபோதும் இவற்றில் பெரும்பாலானவற்றை எச்டிடிபி ஹெடர்களாக வைத்துக்கொண்டார்கள். அங்கே பல பதிவேடுகளில் ஒரு குடிமகன் தன் விவரத்தை எந்தத் துறை பார்த்தது என்று தானே பார்த்துக்கொள்ள முடிகிறது. யார் கேட்டார் என்பதைக் கேள்வியோடு சேர்த்தே பதிந்து வைத்தால்தான் அப்படி ஓர் உரிமையை மக்களுக்குக் கொடுக்க முடியும்.

இன்று புதிதாக சோப் எழுதுபவர்கள் குறைவு. ஜேசனும் ரெஸ்டும் வந்துவிட்டன. மெட்டாடேட்டா எச்டிடிபி ஹெடருக்குப் போய்விட்டது. எச்டிடிபியின் வழக்கமோ, தெரியாத ஹெடரை ஒதுக்கிவிட்டுப் போவது. இணையம் உடையாமல் வளர்ந்ததற்கு அந்தப் பெருந்தன்மை ஒரு காரணம். ஆனால் ஒதுக்கக் கூடாத ஹெடருக்கு அதில் இடம் இல்லை. எச்டிடிபிக்கே இதைக் கொண்டுவர 2000 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2774 என்ற முயற்சி நடந்தது. எழுதியவர்களில் ஒருவர் சோப் 1.1-ஐ எழுதியவர்களிலும் ஒருவரான ஹென்ரிக் ஃப்ரிஸ்டிக் நீல்சன். அது பரவலாகவில்லை. ஆனால் எண்ணம் சாகவில்லை. 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7515, அதாவது ஜேசன் வெப் சிக்னேச்சர், கிரிட் என்ற ஒன்றை வைத்திருக்கிறது: இங்கே குறிப்பிட்ட நீட்டிப்புகள் உனக்குப் புரியாவிட்டால் இந்தக் கையொப்பத்தை ஏற்காதே. மஸ்ட்அண்டர்ஸ்டாண்டின் அதே கண்டிப்பு, ஜேசன் உடையில். 2020 பிப்ரவரியில் டபிள்யூ3சி பரிந்துரையான டிரேஸ் கான்டெக்ஸ்ட், பல சர்வர்களைத் தாண்டி ஒரு கோரிக்கையைத் தொடர்ந்து பிடிக்க டிரேஸ்பேரண்ட் என்ற ஹெடரைத் தருகிறது. மெசேஜ்ஐடியை வைத்து அந்த இரவில் நாங்கள் கையால் தேடியதை அது இன்று தானாகச் செய்கிறது.

புதிய சேவை ஒன்றை வடிவமைக்கும்போது, நான் இன்றும் ஹெடர்களுக்கென்று ஓர் அட்டவணை போடுகிறேன். பெயர், பொருள், யார் வைப்பது, யார் படிப்பது என்பவற்றோடு கடைசியில் ஒரு பத்தி: புரியாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றால் அந்த ஹெடர் எச்டிடிபி வழக்கப்படியே போகட்டும். விளைவு மாறிவிடும், ஒருவரின் பணமோ தரவோ அறையோ அதில் தொங்குகிறது என்றால், அதைப் புரியாத சர்வர் வேலையைத் தொடங்கவே கூடாது. அதற்கு அந்த நெறிமுறையில் வழி இல்லாவிட்டால், நாமே ஒரு வழி செய்தாக வேண்டும்: சோதனைக்குத் தனி முகவரி, தனிச் சாவி, பழைய சர்வருக்குத் தெரியவே தெரியாத புதிய செயற்பெயர் என்று ஏதாவது ஒன்று. அந்தக் கடைசிப் பத்தியில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வடிவமைப்பு முடியவில்லை என்றே நான் திருப்பி அனுப்புவேன்.